விற்றது சரி, கண்காணிப்பது யார்?
அரசு ஏர் இந்தியாவை விற்றதோடு விமானத் துறையின் நோய் தீர்ந்தது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. 2022 ஜனவரியில் டாடா கைக்குப் போனபோது விலை 18,000 கோடி. அதில் அரசுக்கு ரொக்கமாக வந்தது 2,700 கோடி, மிச்சமெல்லாம் டாடா ஏற்றுக்கொண்ட கடன் பொறுப்பு. ஏர் இந்தியாவின் நஷ்டத்தை வரிப்பணத்தில் இனியும் சுமக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிங்ஃபிஷர், ஜெட் ஏர்வேஸ், கோ ஃபர்ஸ்ட் எல்லாம் தனியார்தானே? அவை நின்றுபோனபோது டிக்கெட் எடுத்தவர்களும் சம்பளம் வராத ஊழியர்களும் தெருவில் நின்றார்கள். இப்போது உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கு மேல் இண்டிகோவில்; மீதியில் பெரும்பங்கு டாடாவுக்கு. இரண்டே கடை உள்ள ஊரில் என்ன போட்டி? தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் விலை பார்த்தவர்களுக்குத் தெரியும். விமானம் ஓட்டுவது அரசின் வேலை இல்லை, சரி. ஆனால் விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கறாராகக் கவனிக்கவாவது விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ இருக்கிறதல்லவா?