வெறும் கல்லுதான், போய்ப் பாருங்கள்

நம்ம ஆட்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அங்கோர் வாட் போகக் கடன் வாங்கியாவது டிக்கெட் போடுவோம். போரோபுதூரில் சூரிய உதயத்துக்காக இருட்டோடு எழுந்து தவம் கிடப்போம். ஆனால் பினாங்குப் பாலத்தைத் தாண்டி வடக்கே ஹைவே பிடித்து, சுங்கை பட்டாணியில் பசியாறிவிட்டு, வெயில் ஏறுமுன் மெர்போக் போய்ச் சேர நமக்கு நேரமிருக்காது. பழைய சிவன் கோயில்கள், பௌத்தக் கட்டுமானங்களின் மிச்சம் கிடக்கிற பூஜாங் பள்ளத்தாக்கு அங்கேதான், மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஜெராய் மலையடியில். போய் வந்த சிலரும், “என்னங்க, வெறும் கல்லு” என்கிறார்கள்.

கோபுரத்தை எதிர்பார்த்துப் போனால் வெறும் கல்லுதான். அங்கேயுள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டியை (பழங்கோயிலை இங்கே சண்டி என்பார்கள்) 1936-37 வாக்கில் தொல்லியல் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டினார். 1960 வாக்கில் அலஸ்டேர் லாம்ப் குழு கற்களை மறுபடி அடுக்கியது. இன்று நிற்பது கருவறையின் அடிப்பகுதியும் முன்மண்டப மேடையும். அந்த மேடையில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். வட்ட வட்டமாகக் கல் பீடங்கள், நடுவில் குழி. மரத்தூண்கள் நின்ற இடம் அது. தூணும் கூரையும் இந்த ஊர் மழையில் எப்போதோ மக்கிவிட்டன. தஞ்சாவூர் மாதிரி உச்சிவரை கல்லில் எழுப்பவில்லை. கீழே கருங்கல், மேலே மரம். சிவனைக் கும்பிட்டவர்கள் இந்த மண்ணுக்கு ஏற்றபடி கட்டியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்னொரு ரகம் உண்டு. இராஜேந்திர சோழன் 1025இல் கடாரம், அதாவது இந்தக் கெடாவை, வென்ற கதையை மட்டும் சுமந்துகொண்டு வருவார்கள். ‘நாம் ஆண்ட பூமி’ என்று ஒரு வீடியோ, அவ்வளவுதான், கிளம்பிவிடுவார்கள். சரி, வென்றான். அதற்குச் சுமார் இருபது ஆண்டு முன்பு கடாரத்து அரசன் பெயரில் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுந்ததையும், இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குக் கொடுத்ததையும் யார் சொல்வது? அந்த விகாரத்தின் எஞ்சிய கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். வேளாங்கண்ணிக்குப் போகிற நம்மவர்கள் பலர் நாகப்பட்டினத்தைக் கடந்துதான் போகிறார்கள், அங்கே அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல். அந்த ஊரில் கிடைத்த புத்தர் சிலைகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தி.நகர் ஷாப்பிங்கில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் பார்த்துவிடலாம்.

வென்றவன் மட்டுமா வந்தான்? 1834இல் ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஸ்தூபியின் உருவம், கூடவே புத்தகுப்தன் என்ற பெரும் மாலுமியின் பெயர், கடற்பயணம் நல்லபடி அமையட்டும் என்ற வேண்டுதல். ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியது. அதே பகுதியில் இருக்கும் பட்டர்வொர்த்காரர்கள் வாசலில் கிடைத்த கல், இப்போது கொல்கத்தா மியூசியத்தில்.

2013இல் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டியை வீடமைப்புக்காக இடித்தபோது முகநூல் தீப்பற்றி எரிந்தது. கோபம் நியாயம்தான். அப்புறம் எத்தனை பேர் மிச்சமிருப்பதைப் பார்க்கப் போனோம்? மெர்போக் மியூசியம் வளாகத்திலேயே வேறு இடங்களிலிருந்து பெயர்த்து வந்து நிறுத்தியவையும் இருக்கின்றன. சிவன் கோயிலும் உண்டு, பௌத்தக் கட்டுமானமும் உண்டு. தொப்பி, தண்ணீர், கொசு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் கீழே ‘மீட்டெடுப்போம்’ என்று கமெண்ட் போட வருகிறவர்கள், ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்து போடுங்கள். லைக் நான் போடுகிறேன்.