எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்

ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்குவதற்குச் சட்டம் பல நிபந்தனைகளை விதிக்கிறது. அவராகவே விலகிக்கொள்வதற்கு எந்த நிபந்தனையும் விதிப்பதில்லை. நீண்ட காலம் ஒரே இடத்தில் உழைத்தவர்களின் வேலை பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் பறிபோகிறது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவரை நிர்வாகம் நீக்குவதில்லை. அவர் கையாலேயே ராஜினாமாக் கடிதம் வாங்கி, சொந்தக் காரணங்களுக்காக விலகினார் என்று கோப்பில் வைத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறது. முடிவு நிர்வாகத்துடையது, அதற்கான பொறுப்பு மட்டும் போகிறவர் தலையில் ஏறுகிறது. வியாபாரம் படுத்துவிட்டால் ஆட்களைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பது எனக்கும் புரியும். குறைக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லி, நோட்டீஸ் கொடுத்து, சேர வேண்டிய பணத்தைக் கொடுத்து அனுப்பினால் வருத்தம் இருக்கும், ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் இருக்காது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஸ்டோர்ஸில் 1998இல் சேர்ந்தேன். வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. 2021இல் ஒரு வெள்ளிக்கிழமை காலை என் கம்ப்யூட்டரில் லாக்-இன் ஆகவில்லை. கேட்டதற்கு சர்வர் கோளாறு என்றார்கள். மதியம் எச்.ஆர். அறைக்கு அழைத்தார்கள். மேஜையில் என் பெயரும் பணியாளர் எண்ணும் போட்டு, நான் எழுதியது போலவே தட்டச்சு செய்யப்பட்ட கடிதம் ஒன்று தயாராக இருந்தது. நிறுவனத்துக்கு நான் நன்றி சொல்லும் வரிகூட அதில் இருந்தது. தேதி எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். "டெர்மினேஷன் போட்டா வேற எங்கயும் வேலை கிடைக்காது சார். கிராஜுவிட்டியும் சிக்கலாயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்றார், என் மகன் வயதிருக்கும் அந்த அதிகாரி. அவர் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றபோதுதான் முகம் மாறியது. இந்த அறையை விட்டு வெளியே போவதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்றார்.

அந்த மிரட்டலில் இருந்த பொய்யை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கையெழுத்துப் போடுகிறவர்களில் பலர் இந்தப் பயத்தில்தான் போடுகிறார்கள். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்பது 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் கொடுத்த உரிமை. அந்தச் சட்டத்தின்படி, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கான தொகை வரும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 15,000. ஊழியர் தானாக விலகினாலும் விலக்கப்பட்டாலும் இது கொடுக்கப்பட வேண்டியதே. நிறுவனத்தின் சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்காகவோ, பணியிடத்தில் வன்முறையில் ஈடுபட்டதற்காகவோ, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகவோ நீக்கப்பட்டால் மட்டுமே அதில் கைவைக்க முடியும். சம்பளம் அதிகமாகிவிட்டது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. வருங்கால வைப்பு நிதியோ ஊழியரின் பெயரில் அரசிடம் இருக்கும் பணம். அதைப் பிடித்து வைக்க எந்த எச்.ஆர். அதிகாரிக்கும் அதிகாரம் கிடையாது. ஆகவே, கையெழுத்துப் போட்டால் தருவோம் என்று அவர்கள் நீட்டுவது பெரும்பாலும் ஏற்கெனவே நம்முடையதாக இருக்கும் பணமே.

மூத்தவர்களையே ஏன் தேடிப் பிடிக்கிறார்கள்? கணக்கு எளிமையானது. என் சம்பளத்தில் ஒப்பந்த அடிப்படையில் இரண்டு இளைஞர்களை வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு ஊதிய உயர்வு, நீண்ட கால விடுப்பு என்ற பேச்சே எழாது. ஆனால் சட்டம் இதற்கு நேர் எதிரானது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25ஜி பிரிவு, ஆட்குறைப்பு செய்தால் அந்த வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றது. 25எஃப் பிரிவு, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை அனுப்புவதென்றால் ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் கொடுக்க வேண்டும் என்றது. 25எச் பிரிவு, பிறகு அதே வேலைக்கு ஆள் எடுத்தால் அனுப்பப்பட்டவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. இருபது ஆண்டுச் சேவையை ஒரு மனிதனின் சேமிப்பாகச் சட்டம் பார்த்தது. நிர்வாகம் அதைத் தன் செலவாகப் பார்க்கிறது. இந்த மூன்று பிரிவுகளையும் ஒரே காகிதத்தால் தாண்டிவிடலாம் என்பதால்தான் ராஜினாமாக் கடிதத்துக்கு இவ்வளவு அவசரம்.

இன்னொரு காகிதமும் உண்டு, அது பல ஆண்டுகளுக்கு முன்பே நம் கைக்கு வந்துவிடுகிறது. எனக்கு அசிஸ்டன்ட் மேனேஜர் பதவி உயர்வு வந்தபோது பிரிவு முழுவதற்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். சம்பளத்தில் பெரிய மாற்றமில்லை, வேலையும் அதேதான். வருகிற சரக்கை எண்ணிப் பார்த்து, பின் கார்டு என்ற இருப்பு அட்டையில் ஏற்றி, ஜி.ஆர்.என். என்ற சரக்கு வரவுச் சீட்டு போட்டு, உற்பத்திப் பிரிவிலிருந்து சீட்டு வந்தால் எடுத்துக் கொடுப்பேன். எனக்குக் கீழே ஒருவரும் இல்லை. யாருக்கும் ஒரு நாள் விடுப்பு கொடுக்கும் அதிகாரம்கூட எனக்கு இருந்ததில்லை. அந்தப் பட்டத்தின் பயன் இப்போது நீதிமன்றத்தில்தான் தெரிகிறது. நிர்வாகப் பதவியில் இருப்பவர் சட்டம் சொல்லும் தொழிலாளி ஆகமாட்டார்; ஆகவே மேலே சொன்ன எந்தப் பிரிவும் எனக்குப் பொருந்தாது என்பதே நிறுவனத்தின் முதல் வாதம். பதவியின் பெயரை விட்டுவிட்டு அவர் உண்மையில் செய்த முதன்மையான வேலை என்ன என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் நான் சரக்கு எண்ணினேன் என்பதை நிரூபிக்கும் பதிவேடுகள் எல்லாம் நிறுவனத்தின் அலமாரியில் இருக்கின்றன.

நான் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் ஹரியானாவில் இருந்த கிளைக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. என் தாயார் படுக்கையில் இருப்பதை எழுதி, மறுபரிசீலனை செய்யக் கேட்டேன். பதிலாக, பணியில் சேராமல் உத்தரவை மீறியதாக சார்ஜ் மெமோ வந்தது. பிறகு உள்விசாரணை. விசாரணை அதிகாரியாக உட்கார்ந்த வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்தது நிறுவனம். என் தரப்பில் பேசச் சக ஊழியர் ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள். அப்படி வருவதற்கு யாருக்கும் துணிவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் என்று ஏதோ ஒன்று கழுத்தில் இருக்கிறது. ஒருவர் மட்டும் இரவில் போன் செய்து, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்று தொடங்கி, மேலே பேச முடியாமல் வைத்துவிட்டார். குற்றம் நிரூபிக்கப்பட்டது என்று அறிக்கை வந்தது. 2022இல் பணிநீக்க உத்தரவு வந்தது. ஒரு வகையில் அந்த உத்தரவு எனக்கு ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் செய்ததைச் செய்தோம் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்த முதல் காகிதம் அதுதான்.

"பணத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமே, இந்த வயதில் எதற்கு வழக்கு" என்று கேட்கிற உறவினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வழக்கு நடத்துவது எளிது என்று நான் சொல்லமாட்டேன். முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். 45 நாள் கடந்தும் தீர்வு வராவிட்டால் தொழிலாளி நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2010இல் சட்டம் திருத்தப்பட்டது. நீதிமன்றத்தில் வாய்தா மேல் வாய்தா. அங்கே வென்றாலும் நிறுவனம் உயர் நீதிமன்றம் போகும். தொழில் தகராறுகள் சட்டத்தின் 17பி பிரிவின்படி, மீண்டும் வேலை கொடுக்கச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து மேலே போகிற நிறுவனம், வேறு வேலை கிடைக்காத தொழிலாளிக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை அந்த வழக்கு முடியும்வரை கொடுக்க வேண்டும்; ஆனால் கீழ் நீதிமன்றத்தில் கழிகிற ஆண்டுகளுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. காத்திருப்பதற்கு நிறுவனத்துக்குச் செலவில்லை, நமக்கோ ஒவ்வொரு மாதமும் செலவு. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியையின் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், நீக்கம் தவறு என்றானால் பணித் தொடர்ச்சியோடும் நிலுவைச் சம்பளத்தோடும் மீண்டும் வேலை கொடுப்பதே இயல்பான விதி என்றது. நல்ல தீர்ப்புதான். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் இந்தத் தீர்ப்பின் வாசலுக்கே போக முடியாது. கட்டாயத்தில் போட்டேன் என்பதை முதலில் அவர் நிரூபிக்க வேண்டும். மூடிய அறைக்குள் நடந்ததற்கு யார் சாட்சி? என்னோடு அதே வாரத்தில் அழைக்கப்பட்டவர்களில் எனக்குத் தெரிந்தவரை எல்லோரும் கையெழுத்திட்டார்கள். அப்படிப் போட நேர்ந்தவர்கள் அன்று இரவே, விருப்பமின்றிப் போட்டது, திரும்பப் பெறுகிறேன் என்று மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் எழுதிவிட வேண்டும். மாதங்கள் கழித்துச் சொன்னால் நம்ப வைப்பது கடினம்.

நியமன உத்தரவில்தான் எல்லாம் இருக்கிறதே, இரு தரப்பும் ஒரு மாத நோட்டீஸில் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டுதானே சேர்ந்தீர்கள் என்பது அடுத்த வாதம். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில், காரணம் சொல்லாமல் மூன்று மாத நோட்டீஸில் நிரந்தர ஊழியரை அனுப்பலாம் என்றிருந்த விதியை உச்ச நீதிமன்றம் 1986இல் செல்லாது என்றது. பேரம் பேசும் வலிமையில் சமமாக இல்லாத இருவருக்கிடையே, வேறு வழியின்றி ஒருவர் ஏற்றுக்கொண்ட அநியாயமான நிபந்தனையை ஒப்பந்தம் என்று நீதிமன்றம் மதிக்காது என்பதே அதன் சாரம். அந்த வழக்கு அரசு நிறுவனத்தைப் பற்றியது; தனியார் ஊழியர் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த நியாயம் ஸ்டோர்ஸ்காரருக்கும் பொருந்தாமல் போவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல், மேலே சொன்ன பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஆலை போன்ற இடங்களில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி முன்பு 100 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பொருந்தியது, இனி 300 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் பொருந்தும். நீக்கப்பட்டவர் நேரடியாக வழக்குப் போட இருந்த மூன்றாண்டுக் கெடு இரண்டாண்டாகியிருக்கிறது. வேலையை விட்டுப் போகிறவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்ற விதி மட்டும் வரவேற்கத்தக்கது. கட்டாய ராஜினாமாவைப் பற்றிப் புதிய தொகுப்பும் வாய் திறக்கவில்லை.

இத்தாலியில் இதே நோய் இருந்தது. வேலைக்குச் சேரும்போதே தேதியில்லாத ராஜினாமாவில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, குறிப்பாகப் பெண்கள் கருவுற்றதும் தேதியை நிரப்பி அனுப்பிவிடுவார்கள். 2016 மார்ச் முதல் அங்கே காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் ராஜினாமா செல்லாது. சில விதிவிலக்குகள் தவிர, தொழிலாளர் அமைச்சகத்தின் இணையதளம் வழியாக ஊழியரே பதிவு செய்தால்தான் செல்லும், ஏழு நாட்களுக்குள் அதைத் திரும்பப் பெறவும் முடியும். நம்மிடம் வருங்கால வைப்பு நிதிக்கு ஒவ்வோர் ஊழியருக்கும் தனி எண் இருக்கிறது, ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓ.டி.பி. வருகிறது, வேலையை விட்ட தேதியை ஊழியரே பதியும் வசதிகூட இருக்கிறது. அதே தளத்தில் ராஜினாமாவையும் ஊழியர் தன் வீட்டிலிருந்து பதிவு செய்ய வேண்டும், ஏழு நாள் கழித்தே அது செல்லும் என்று ஒரு விதி சேர்க்க எந்தப் புதிய கட்டமைப்பும் தேவையில்லை. தொழிற்சங்கங்கள் ஊதிய உயர்வுக்கும் போனஸுக்கும் கொடுக்கும் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.