சராசரிக் காற்று வேகம் போதாது
"மணிக்கு ஒருமுறை சராசரிக் காற்று வேகம் எடுத்தாலே போதும்" என்கிறது நகரக் காற்றை அளப்பது பற்றிய கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில் மாலையில் ஊதுபத்தி ஏற்றும்போது பார்க்கிறேன்: புகை ஒரு சாண் நேராக எழும், அப்புறம் சட்டென்று சுருண்டு, சுருளுக்குள் சுருளாகக் கிழிந்து காணாமல் போகும். அந்த நேரத்தில் மரத்தில் ஓர் இலைகூட அசையாது. ஆனால் வெப்பம், ஈரம், வண்டிப்புகை எல்லாவற்றையும் கலப்பது இந்தச் சுழல்கள்தானே!

காதுக்குக் கேட்காத ஒலியை வைத்துக் காற்றை அளக்கும் மீயொலிக் காற்றுமானி இந்தச் சுழற்சியை வினாடிக்கு 10, 20 முறை அளக்கும். கருவியின் எதிரெதிர் முனைகளுக்கிடையே ஒலி போகும் நேரத்துக்கும் திரும்பும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் காற்றின் வேகம் கிடைத்துவிடும். இங்கே சிங்கப்பூரில், தெலுக் குராவ் வட்டாரத்தில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே கம்பம் நட்டு, கரியமில வாயு எவ்வளவு மேலேறுகிறது என்றே இப்படி அளந்திருக்கிறார்கள். சரி, முனைகளின் இடைவெளி 10, 15 சென்டிமீட்டர். அதைவிடச் சிறிய சுழல் அதற்குப் பிடிபடாது. மில்லிமீட்டர் அளவுச் சுழலுக்குத் தலைமுடியைவிட மெல்லிய சூடான கம்பி வேண்டும். நம்மூர் மழையில் அது தாங்காது. மீயொலிக் கருவியிலும் முனையில் துளி தங்கினால் அளவு கெடும். சுமத்ரா சூறைக்காற்று மழையோடு வந்து அடிக்கும் விடியற்காலையில்தான் நமக்குத் தரவு அதிகம் தேவை. அந்த நேரத்துக்குத் தாங்கும் கருவிகளுக்குச் செலவிடுங்கள்.