ரதியின் ஒப்பாரியை வெட்டாதீர்கள்

இந்த மாசியில், இலங்கை மலையகத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்தில், அவன் மனைவி ரதியின் ஒப்பாரியைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நேரம் போகிறதாம், இளசுகளுக்கு அலுப்புத் தட்டுகிறதாம். அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

எங்கள் அப்பாயி 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் மூத்த மகனைப் பறிகொடுத்தவர். டவுனுக்குச் சாமான் வாங்கப் போன பெரியப்பா திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வீட்டில் அப்பாயி அதைப் பற்றி வாய் திறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் வருசா வருசம், மதன் எரிந்த பிறகு ரதி தலைவிரி கோலமாக ஒப்பாரி எடுக்கும்போது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்களும் அழுவார்கள். 1977இலும் 1981இலும் நடந்த கலவரங்களில் அடிபட்டு ஓடியவர்கள் அதில் உண்டு. கலவரத்துக்குப் பயந்து வடக்கே வன்னிக்குப் போய்க் குடியேறி, அங்கே 2009இல் போரின் கடைசியில் பிள்ளைகளோடு செத்துப்போனவர்களின் அக்கா தங்கச்சிமாரும் உண்டு. யார் பெயரையும் சொல்லாமல் எல்லாருக்காகவும் அழுவதற்கு அவர்களுக்கு இருந்தது அந்த ஓர் இரவுதான்.

கதையைப் பாருங்கள். தவத்தில் இருந்த சிவனை எழுப்பச் சொல்லி அனுப்பியது தேவர்கள். நெற்றிக்கண்ணில் எரிந்ததோ மதன் மட்டும். தோட்டத்துச் சனத்துக்கு இதை விளக்கவே வேண்டாம். ரதி பழிக்குப் பழி கேட்கவில்லை. என் புருசன் செய்த குற்றம் என்ன என்று கடவுளிடமே நியாயம் கேட்கிறாள். கடைசியில் மதன் உயிரோடு வருகிறான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். தீபாவளிக்குச் சுடும் முதல் பலகாரத்தை அப்பாயி யாருக்கும் தராமல் தனியாக எடுத்து வைப்பார். யாருக்கென்று நாங்கள் கேட்டதில்லை.

தலைமுறை தலைமுறையாக மனித மனதில் வந்துகொண்டே இருக்கும் இப்படியான உருவங்களை உளவியலாளர் கார்ல் யுங் மூலப்படிமம் என்றார். அப்பாயிக்கு அந்தச் சொல் தெரியாது, ரதியைத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூத்து முடிந்து விடியும் நேரத்தில்தான், அந்த ஜூலையில் மற்றப் பிள்ளைகளைத் தன் வீட்டுக்குள் ஒளித்து வைத்துச் சோறு போட்ட நாட்டுப் பக்கத்துச் சிங்களக் கிராமத்து அம்மாவைப் பற்றி அப்பாயி பேசுவார். மற்ற நாளில் பேசமாட்டார். அழுது தீர்த்த பிறகுதான் நன்றி சொல்ல அவருக்கு மனசு வந்தது என்று நினைக்கிறேன். ‘பழசை மறந்துவிடுங்கள், அப்போதுதான் ஒற்றுமை வரும்’ என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். மறந்திருந்தால் அப்பாயி அந்த அம்மாவையும் சேர்த்துத்தான் மறந்திருப்பார்.

சரி, நேரம் போதவில்லை என்றால் ஸ்பீக்கரில் போடும் சினிமாப் பாட்டைக் குறையுங்கள். பொன்னாடை போர்த்துவதைக் குறையுங்கள். அடுத்த மாசியில் ரதி வேசம் கட்டும் தம்பி முழுசாகப் பாடட்டும். அப்பாயி இப்போது இல்லை. அவர் உட்காரும் இடத்தில் எங்கள் சின்ன அத்தை பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்.