பேட்டரியோடு ஒரு என்ஜினும் இருக்கட்டுமே

மின்விமானம் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அதன் கீழே ஒரு சண்டை நடக்கும். உள்ளே எரிபொருள் என்ஜினும் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், “அப்ப இது பழைய சரக்குதானே” என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்த ஹொரைசன் ஏர்கிராஃப்ட் கம்பெனிக்கும் இதே கதிதான். அவர்கள் உருவாக்கி வருவது காவொரைட் எக்ஸ்7 என்ற ஏழு இருக்கை விமானம். நின்ற இடத்திலிருந்து நேராக மேலே எழும், அப்புறம் சாதாரண விமானம் மாதிரி இறக்கையை நம்பிப் பறக்கும். பேட்டரியும் உண்டு, என்ஜினும் உண்டு. ஊர்விட்டு ஊர் போகும் தூரத்துக்கு இந்தக் கலப்புதான் சரி என்பது என் கட்சி.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 12 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. விமானத்துக்கு ஏற்ற லித்தியம் பேட்டரித் தொகுப்பில் கிலோவுக்குக் கால் கிலோவாட் மணி கிடைத்தாலே பெரிய விஷயம். என்ஜின் தனக்குக் கிடைப்பதில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடிக்கும், மின்மோட்டார் அப்படிச் செய்யாது, உண்மைதான். அதையெல்லாம் கழித்த பிறகும் எரிபொருள் பத்து மடங்குக்கு மேல் முன்னால் நிற்கிறது. போகப் போக எரிபொருள் தீர்ந்து விமானம் இலேசாகும். பேட்டரியோ காலியானாலும் அதே எடைதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. இருப்பு! அமெரிக்க விதிப்படி, பகலில் கண்பார்வையை நம்பிப் பறக்கும் விமானம்கூட இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி அரைமணி நேரம் பறக்க எரிபொருள் வைத்திருக்க வேண்டும். மேகமூட்டத்தில் கருவிகளை நம்பிப் பறந்தால் 45 நிமிடம். வானிலை மோசமாக இருந்தால் மாற்று நிலையம் வரை போகவும் வேண்டும். மொத்தமே ஒரு மணி நேரம் தாங்கும் பேட்டரியில் இதை ஒதுக்கிவிட்டால் பயணத்துக்கு என்ன மிஞ்சும்? நகரத்துக்குள் இருபது, முப்பது கிலோமீட்டர் போகலாம். 300 கிலோமீட்டருக்கு வாய்ப்பே இல்லை.

நேராக மேலே எழுவதற்குப் பறப்பதைவிடப் பல மடங்கு சக்தி வேண்டும், ஆனால் ஓரிரு நிமிடத்துக்கு மட்டும்தான். குறுகிய நேரத்தில் குபீரென்று சக்தி கொடுப்பது பேட்டரிக்குக் கைவந்த கலை. மணிக்கணக்கில் ஓடுவது என்ஜினுக்கு. அதனால் ஏறவும் இறங்கவும் பேட்டரி, நடுவில் என்ஜின், அது ஓடும்போதே பேட்டரிக்குச் சார்ஜ். இறங்கும் இடத்தில் சார்ஜர் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் போய்விடுகிறது. நோயாளியை ஏற்றிவர ஒதுக்குப்புறமான இடத்துக்குப் போகும் விமானத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

பேட்டரியை மட்டும் நம்பி இதே தூரத்துக்கு ஆசைப்பட்ட ஜெர்மனியின் லிலியம் கம்பெனி, 2024 அக்டோபரில் திவால் மனு போடப்போவதாக அறிவித்தது. பணம் தீர்ந்ததுதான் நேரடிக் காரணம், பேட்டரிமேல் முழுப்பழியும் போட முடியாது. ஆனால் இலக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் பணம் முதலில் தீரத்தானே செய்யும்?

ஹொரைசனிடம் எனக்குப் பிடித்தது இறக்கைதான். 14 மின்விசிறிகளைப் பிரதான இறக்கையிலும் முன்னால் இருக்கும் சின்ன இறக்கையிலும் புதைத்து வைத்திருக்கிறார்கள். மேலே எழுந்து வேகம் பிடித்ததும் மூடிகள் நகர்ந்து விசிறிகளை மறைத்துவிடும். பயணத்தில் 98 சதவீதம் சாதாரண விமானமாகவே பறக்கும் என்கிறது கம்பெனி. விசிறிகள் மக்கர் செய்தால் ஓடுபாதையில் இறங்கிக்கொள்ளலாம். இந்த வசதி இல்லாத வடிவங்களில் ஏற எனக்குக் கொஞ்சம் யோசனைதான்.

இறக்கைக்குள் விசிறி வைப்பது புது யோசனையும் இல்லை. 1964இலேயே ரயன் எக்ஸ்வி-5 என்ற அமெரிக்கச் சோதனை விமானம் அப்படிப் பறந்தது. கட்டிய இரண்டுமே விபத்துக்குள்ளாகின, ஒன்றைத் திரும்பச் சரிசெய்து பறக்கவிட்டார்கள். அதில் விசிறிகளைச் சுழற்றியது ஜெட் என்ஜினின் புகைக்காற்று. இன்று ஒவ்வொரு விசிறிக்கும் தனி மோட்டார், நொடிக்குப் பல நூறு முறை திருத்தும் கணினி. ஆக, அன்றைய தோல்வியை இன்றைக்கு அப்படியே பொருத்த முடியாது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டவும் மாட்டேன். 2025 மே மாதம் அவர்கள் செங்குத்து நிலையிலிருந்து இறக்கைப் பறப்புக்கு மாறிக் காட்டியது பாதி அளவு மாதிரியில்தான். மணிக்கு 450 கிலோமீட்டர் வேகம், 800 கிலோமீட்டர் தூரம் என்பதெல்லாம் இன்னும் இலக்குகள். பயணிகளை ஏற்றிப் பறக்க அரசிடம் சான்றிதழ் வாங்குவது அதைவிட நீண்ட பாதை. 2009இல் தொடங்கிய ஜோபி என்ற அமெரிக்க மின்விமானக் கம்பெனிக்கு, அவ்வளவு பணபலம் இருந்தும், 2024 முடியும்போதுகூட அது கைக்கு வரவில்லை.

இதைப் ‘பசுமை’ என்று விற்க வந்தால் அங்கேயும் நான் சண்டை போடுவேன். எரிபொருள் எரிகிறது, புகை வருகிறது. இதை ஒப்பிட வேண்டியது ஹெலிகாப்டரோடு. அதைவிட வேகமாக, குறைந்த எரிபொருளில் போனால் அதுவே பெரிய வெற்றி.

முழு அளவு விமானம் தயாராகும்போது நான் முதலில் தேடப்போவது அதன் வெற்று எடையை, அதாவது ஆளும் எரிபொருளும் ஏற்றாத எடையை. புது விமானங்கள் வரைபடத்தில் இருந்ததைவிடக் கனமாகவே வெளிவரும். இதிலோ என்ஜின், பேட்டரி, பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி சும்மா கிடக்கும் 14 விசிறிகள், அவற்றின் மூடிகள் எல்லாமே சுமை. நூறு கிலோ கூடினால் ஒரு பயணி இறங்க வேண்டியதுதான். அந்த எண் வெளிவரும்வரை, இத்தனை விமானங்களுக்கு முன்பதிவு என்ற செய்திகளைப் பகிர வேண்டாம், எனக்கு டேக் செய்யவும் வேண்டாம்.