சித்திரக்கதைகளைச் சிறுவர் பகுதிக்குள்ளேயே ஏன் அடைத்து வைத்திருக்கிறோம்?

வன்னியில் ஒரு பொது நூலகத்துக்குப் போய், சித்திரக்கதைப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாகச் சிறுவர் பகுதியைத்தான் காட்டுவார்கள். படமும், பாத்திரங்களின் பேச்சை எழுதும் பலூனும் இருந்தால் அது சின்னப்பிள்ளைகளுக்கானது, உள்ளே திறந்து பார்க்கவே தேவையில்லை என்று நாங்கள் முடிவுகட்டி வைத்திருக்கிறோம். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கையில் வைத்திருந்தால், "இன்னும் சின்னப்பிள்ளையே, படம் பாத்துக்கொண்டு இருக்கிறாய்?" என்று வீட்டில் ஏச்சு விழும். இது பிழையான பழக்கம். இதனால் அதிகம் இழப்பது நாங்கள்தான்.

2019இல் "வன்னி" என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு சித்திர நாவல் வெளிவந்தது. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், வரைந்தவர் லின்ட்சே பொலொக். டிக்ஸ் இங்கே ஐ.நா. பணியாளராக இருந்தவர். 2008 செப்டெம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது அவரும் போனார். உயிர்தப்பியவர்களிடம் கேட்டறிந்ததை வைத்து, 2004 சுனாமியில் இருந்து 2009 வரை ஒரு குடும்பம் பட்டதைச் சொல்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடிய புத்தகம் இல்லை அது. ஆனால் எங்கள் நூலகம் ஒன்றுக்கு நாளைக்கு ஒரு பிரதி வந்தால், படத்தைப் பார்த்து அதைச் சிறுவர் தட்டில்தான் வைப்பார்கள். வாசிக்கவேண்டிய வளர்ந்தவருக்கு அது அகப்படாது, வாசிக்கக்கூடாத பிள்ளையின் கைக்கு நேரே போகும். இரண்டு பக்கத்தாலும் பிழை.

சித்திரக்கதையைச் சிறுவர் பண்டமாக்கியதில் 1954ஆம் ஆண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வருடம் அமெரிக்காவில் பிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், கொமிக்ஸ் வாசிப்பதால் பிள்ளைகள் குற்றவாளிகளாகிறார்கள் என்று புத்தகம் எழுதினார். செனட் சபையின் உபகுழு விசாரணை வைத்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே ஒரு விதிக்கோவை போட்டுக்கொண்டார்கள். நன்மை எப்போதும் வெல்லவேண்டும், பொலிஸையும் நீதிபதியையும் மரியாதை குறையும்படி காட்டக்கூடாது, தலைப்பில் "பயங்கரம்" வரக்கூடாது. கோவைக்கு அடங்கியது என்ற அனுமதி முத்திரை இல்லாத இதழைக் கடைகளுக்குக் கொண்டுபோக விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள். வளர்ந்தவர்களுக்கு எழுதிக்கொண்டிருந்த வெளியீடுகள் அதோடு படுத்தன. அந்த முத்திரை 2011இல்தான் முழுதாக ஒழிந்தது. அடுத்த வருடம் கரோல் டில்லி என்ற ஆய்வாளர் வெர்தமின் சொந்தக் குறிப்புகளைப் பரிசோதித்து, பிள்ளைகள் சொன்னதை அவர் திரித்து எழுதியிருந்ததைக் காட்டினார். இந்தக் கோவை கட்டுப்படுத்தாத ஜப்பானில் 1957இலேயே யொஷிஹிரோ தட்சுமி, தாங்கள் வளர்ந்தவர்களுக்கு வரையும் கதைகளுக்கென்று "கெகிகா" என்று தனிப்பெயர் வைத்துவிட்டார். அமெரிக்க இராணுவமே 1951இல் இருந்து வாகனப் பராமரிப்பைத் தன் சிப்பாய்களுக்குச் சித்திரக்கதையாகச் சொல்லிக்கொடுத்தது. வில் ஐஸ்னர் இருபது வருடமளவில் அதற்கு வரைந்தார். நாசி வதைமுகாம் பற்றி ஆர்ட் ஸ்பீகல்மன் வரைந்த "மவுஸ்" 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு வாங்கியது.

தமிழில் காரணம் வேறு. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. அது பிரித்தானியாவில் பையன்களுக்கான வார இதழில் வந்த தொடர். அந்தத் தலைமுறைக்கு இன்று ஐம்பது அறுபது வயது. பள்ளிக்கூடக் காலத்தோடு விட்ட சாமான் என்பதால் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஆனால் அதே ஆட்கள், சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழில் சுந்தர் வரைந்த சவாரித்தம்பர், மைனர் மச்சான் கேலிச்சித்திரங்களைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று சொல்லமாட்டார்கள். 1963இல் இருந்து வந்த அந்த இதழை வீட்டில் அப்பாமார்தான் முதலில் எடுத்து வாசித்தார்கள்.

"பதினைஞ்சு நிமிசத்தில முடிஞ்சிடும், அதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் பலூனை மட்டும் வாசித்தவர்கள். ஒரு கட்டத்தில் வீட்டு வாசலில் ஐந்து சோடிச் செருப்பு. அடுத்த கட்டத்தில் அதே வாசல், நான்கு சோடி. எழுத்து ஒன்றும் இல்லை. இரண்டு கட்டத்துக்கும் நடுவே அரை சென்ரிமீற்றர் வெள்ளை இடைவெளி. என்ன நடந்தது என்பதை அந்த இடைவெளியில் வாசகரே செய்துகொள்ளவேண்டும். கண் பலூனில் இருந்து பலூனுக்குத் தாவினால் இந்தப் பக்கம் வெறும் வாசல் படம். ஆகவே முதலில் எழுத்தை விட்டு, படத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். எந்தக் கட்டம் அகலம், எது ஒடுக்கம், எந்த முகம் திரும்பிவிட்டது என்று கவனியுங்கள். பிறகு எழுத்தோடு ஒருதரம். நல்ல சித்திர நாவல் ஒன்றுக்கு இப்படி நாலைந்து மணித்தியாலம் போகும்.

தமிழ்ப் பதிப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலூன்கள் ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ இத்தாலிய மொழிக்கோ அளந்து வரைந்தவை. எங்கள் சொல் நீளம், கொம்பும் சுழியும் மேலும் கீழும் இடம் கேட்கும். அதனால் ஒன்றில் எழுத்தைச் சிறுப்பிப்பார்கள், இல்லாவிட்டால் வசனத்தை வெட்டுவார்கள். வெட்டும்போது தயக்கம், மரியாதை, குத்தல் எல்லாம் போய், வளர்ந்த பாத்திரமும் குழந்தை மாதிரிக் கதைக்கும். அப்படியான பக்கத்தை வைத்து முழுக் கலையையும் எடைபோடுவது நியாயமில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓ.எல். வகுப்பில் ஒரு தவணைக்கு ஒருதரம் ஒரு பக்கச் சித்திரக்கதை செய்வித்துப் பாருங்கள். ஏ4 தாள், சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் விட்டு ஆறு கட்டம். ஒரு கட்டத்துக்கு இரண்டு பலூனுக்கு மேல் வேண்டாம், ஒரு பலூனுக்குப் பத்துச் சொல் போதும். பிள்ளைகள் எல்லாரும் விடும் பிழை, பலூனை முதலில் கீறிவிட்டு எழுத்தை உள்ளே நெரிப்பது. எழுத்தை முதலில் எழுதவேண்டும், அதைச் சுற்றித்தான் பலூன். முதலில் கதைப்பவர் இடப்பக்கம் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் பதில் கேள்விக்கு முன்னால் வாசிபடும். பென்சில் கோடு போட்டோ கொப்பியில் தெளிவாக விழாது. கறுப்புப் பேனையால் மேலே கீறி, மை காய்ந்தபிறகு அழிறப்பர் போடவேண்டும். ஏ4 பக்கத்தை ஏ5க்குக் குறைக்க மெசினில் 71 வீதம் போடவேண்டும். ஐந்து மில்லிமீற்றர் எழுத்து மூன்றரைக்கு இறங்கும். அதற்கும் கீழே போனால் ணகரத்தின் சுழி அடைபட்டுக் கறுத்துவிடும்.

எட்டுப் பக்க ஏ5 புத்தகத்துக்கு, நடுவால் மடித்த இரண்டு ஏ4 தாள் போதும். பக்க எண்கள் இடமிருந்து வலமாக: வெளித்தாளில் ஒரு பக்கம் 8, 1. மறுபக்கம் 2, 7. உள்தாளில் 6, 3. மறுபக்கம் 4, 5. இந்த ஒழுங்கு மாறினால் கதை குழம்பும். ஆறு கட்டத்துக்குள் ஒரு சம்பவத்தை அடக்க எதை விடுவது, எதைக் காட்டுவது என்று பிள்ளை யோசிக்கிற யோசனை, கட்டுரை எழுதுவதற்குக் குறைந்ததில்லை.

நூலகர்களுக்கு: நூலகங்கள் புத்தகங்களுக்கு எண் போடும் தூவி தசாம்சப் பகுப்பில் சித்திரக்கதைக்கு 741.5 என்று தனி எண் இருக்கிறது. அது கலைப் பிரிவு, சிறுவர் பிரிவு இல்லை. முதுகில் நிறத்தாள் ஒட்டி வயதைப் பிரியுங்கள்: பன்னிரண்டுக்கு உட்பட்டவர், பதின்மர், வளர்ந்தோர். புத்தகத்தை முழுதாக ஒருதரம் பார்க்காமல் நிறத்தாள் ஒட்டவேண்டாம். நான் மேலே சொன்ன "வன்னி"யை 954.93, இலங்கை வரலாற்றுத் தட்டில் வைத்தாலும் சரியே, வளர்ந்தோர் பகுதியாக இருந்தால் போதும். போர்க்காலத்தில் வளர்ந்த பலருக்கு அந்தப் படங்கள் நெஞ்சைப் பிசையும். கொடுக்கும்போது அதைச் சொல்லிக் கொடுங்கள்.

மெல்லிய இதழ்களை நிமிர்த்தி அடுக்கினால் வளைந்துபோகும், பெட்டியில் படுக்கவைக்கவேண்டும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையில் உப்புக்காற்றுக்கு, இதழை நடுவில் தைத்திருக்கும் கம்பி கறல் பிடித்துத் தாளைத் தின்னும். கம்பியைப் பிடுங்காமல், உள்பக்கம் மடிந்திருக்கும் கால்களைத் தட்டைக் கத்தியால் நிமிர்த்தி எடுங்கள். அந்த இரண்டு ஓட்டைக்கும் நடுவில் இன்னொன்று குத்தி, இரட்டைத் தையல் நூலை உள்ளிருந்து நடு ஓட்டையால் வெளியே எடுத்து, மேல் ஓட்டையால் உள்ளே விட்டு, கீழ் ஓட்டையால் வெளியே எடுத்து, திரும்ப நடுவால் உள்ளே கொண்டுவந்து முடியுங்கள். செலோரேப் மட்டும் ஒட்டவேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகிப் படத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.