வானிலையின் மீது பழி போடாதீர்கள்

சிறிய விமானமோ ஹெலிகாப்டரோ விழுந்து நொறுங்கினால், மறுநாள் செய்தியில் ‘மோசமான வானிலையே காரணம்’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. மேகம் தன் பாட்டுக்கு வானத்தில் இருந்தது. பெரும்பாலான நேரங்களில் அதற்குள் கொண்டுபோய் விட்டது ஒரு மனிதரின் முடிவுதான்.

அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் 1999 ஜூலை 16 அன்று, மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு தன் ஒற்றை எஞ்சின் விமானத்தில் கிளம்பினார். சூரியன் மறைந்துவிட்டது. கடலின் மேல் மூட்டம். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியை அவர் இன்னும் பெற்றிருக்கவில்லை. ‘நானும் கூட வரட்டுமா’ என்று ஒரு பயிற்சியாளர் கேட்டதற்கு, தனியாகவே ஓட்ட விரும்புவதாகச் சொல்லிவிட்டார். மூன்று பேரும் கடலில் மாண்டார்கள். அந்தப் பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தால் அந்த இரண்டு பெண்களும் வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம் என்ற நினைப்பு என்னை விட்டுப் போவதில்லை.

மூட்டத்துக்குள் போனால் என்ன, நேராக ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். முடியாது. நாம் சாய்கிறோமா, நிமிர்ந்திருக்கிறோமா என்பதை உடம்புக்கு முக்கியமாகச் சொல்வது கண்ணும் உட்செவியில் இருக்கும் திரவமும்தான். அடிவானம் மறைந்துவிட்டால் கண்ணால் பயனில்லை. விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்பத் தொடங்கினால், சிறிது நேரத்தில் காதுக்குள் இருக்கும் திரவமும் அந்தச் சுழற்சிக்குப் பழகிவிடுகிறது. நேராகப் போகிறோம் என்று உடம்பு அடித்துச் சொல்கிறது. உயரம் குறைகிறதே என்று விமானி விமானத்தின் மூக்கைத் தூக்கப் பார்க்கிறார். சாய்ந்திருக்கும் விமானத்தில் அப்படி இழுத்தால் சுழல்தான் இன்னும் இறுகும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை மேகத்துக்குள் இருப்பதுபோன்ற நிலையில் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

தகுதி இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2020 ஜனவரி 26 அன்று கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட், அவருடைய 13 வயது மகள் உள்பட ஒன்பது பேர் இறந்த ஹெலிகாப்டரை ஓட்டியவர் அனுபவசாலி. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியும் அவருக்கு இருந்தது. கண்ணால் பார்த்து ஓட்டும் விதியின்படி கிளம்பிய அவர், மேகத்துக்குள் நுழைந்துவிட்டார். மேலே ஏறிக்கொண்டிருப்பதாகத் தரைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்ன நேரத்தில் ஹெலிகாப்டர் கீழே போய்க்கொண்டிருந்தது. யாரும் அவரை நெருக்கியதற்குச் சான்று இல்லை. தனக்குத் தானே ஏற்படுத்திக்கொண்ட அழுத்தம் என்றுதான் விசாரணையாளர்கள் எழுதினார்கள்.

நம் நாட்டுக் கதையும் தெரிந்ததுதான். 1980-ல் சஞ்சய் காந்தி டெல்லியில் தாழப் பறந்து சாகசம் செய்தபோது கூட இருந்த விமானியும் சேர்ந்து இறந்தார். 2009-ல் அன்றைய ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி சென்ற ஹெலிகாப்டர் மழைமேகத்தை எதிர்கொண்டும் பயணத்தைக் கைவிடவில்லை. ஓர் எச்சரிக்கைக்கு விளக்கம் தேடிக் கையேட்டைப் புரட்டியதில் முக்கியமான நிமிடங்கள் போயின. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் இறந்த 2021 குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது, அலட்சியம் இல்லை என்று முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு 2022-ல் சொன்னது. எல்லா விமானியையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

போகிப் புகையில் மீனம்பாக்கத்தில் ஓடுபாதை தெரியாமல் போன ஆண்டுகளில், பெரிய விமானங்களைப் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பிவிட்டார்கள். பயணிகள் திட்டினார்கள், ஆனால் உயிரோடு இருந்து திட்டினார்கள். அங்கே இரண்டு விமானிகள், நிறுவனத்தின் விதி, எவ்வளவு தூரம் தெரிந்தால் இறங்கலாம் என்ற கணக்கு எல்லாம் இருக்கின்றன. சிறு விமானத்தில் பல நேரம் ஒரே ஒருவர். அவர் பின்னால், கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கும் ஒரு பெரிய மனிதர். ‘கிளம்பலாமா’ என்று ஒருமுறை கேட்பது கேள்வி. விமானி மறுத்த பிறகும் இரண்டாம் முறை கேட்பதைக் குற்றம் என்றே நான் சொல்வேன்.

காசிமேட்டில் இதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஐஸ் ஏற்றியாகிவிட்டது, டீசல் பிடித்தாகிவிட்டது, ஆட்களும் வந்துவிட்டார்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் விசைப்படகைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கிறார்கள். ஐஸ் உருகிய கணக்கு யார் தலையில் என்று பிறகு சண்டை நடக்கும். நடக்கட்டும். திரும்பி நடந்தவரைக் கோழை என்று அந்தக் கரையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருப் பையன் ஒருவன். விமானி ஆகப் படிக்கிறான். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நகையை அடகு வைத்து, கடன் வாங்கி, அந்த வீடு பணம் கட்டுகிறது. அவனுடைய அப்பா என்னிடம் பொருமினார்: “மேகம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்ததாம். இந்த வாரம் முழுக்கத் தரையிலேயே உட்காரவைத்துவிட்டார் அந்த ஆசிரியர். வட்டி நிற்குமா தம்பி?”

நிற்காதுதான் அண்ணா. உங்கள் வலி எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாரத்தில் உங்கள் பிள்ளை ஒன்றும் கற்கவில்லை என்று நினைக்காதீர்கள். அனுபவமுள்ள ஒருவர், மாணவர்கள் முகம் சுளித்தாலும், பெற்றோர் தொலைபேசியில் கத்தினாலும், வானத்தைப் பார்த்துவிட்டு ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். நாளை அவன் தனியாக ஓட்டும்போது, பின்னிருக்கையில் ஓர் அமைச்சரோ முதலாளியோ அவசரப்படுத்தும்போது, அவனுக்குத் துணைக்கு வரப்போவது அதுதான். கட்டணத்தைப் பற்றி, தாமதத்தைப் பற்றி அலுவலகத்தில் தாராளமாகக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். அந்த ஆசிரியரிடம் மட்டும் ‘ஏன் பறக்கவிடவில்லை’ என்று கேட்காதீர்கள். பையனிடமும் கேட்காதீர்கள்.